கொடியில் இரண்டு வெள்ளை

பெண் பார்க்கப் போன அன்று அகிலாண்டேஸ்வரி எல்லாவற்றையும் விசாரித்தாள். குலதெய்வம் எது, பெண்ணுக்குச் சர்க்கரை கிர்க்கரை உண்டா, தாய்மாமன்மாரில் குடிக்கிறவர் யார், குடித்துவிட்டு வம்பு இழுக்கிறவர் யார், ஒன்றும் விடவில்லை. வக்கீலுக்குப் படித்த பெண் என்று சொன்னபோது பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போனால் எதையாவது உடுத்திக்கொண்டுதான் போகும், அது என்ன நிறம் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

மகன் காளிராஜ் கல்யாண லீவு முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனான். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் மருமகள் கீர்த்தி தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். கரையில்லாத வெள்ளைச் சேலை. கழுத்துவரை பட்டன் போட்ட, முழுக்கை வைத்த வெள்ளை ரவிக்கை. கையில் ஒரு கறுப்புக் கோட்டு. காபி டம்ளரோடு எதிரே வந்த அகிலாண்டேஸ்வரி சட்டென்று நின்றதில், பாதிக் காபி தரையில் கொட்டிவிட்டது.

“ஏத்தா, என்ன கோலம் இது?”

“கோர்ட்டுக்கு இதான் அத்தை. யூனிபார்ம்.”

“தாலியில மஞ்ச காயல. வெள்ளச் சேலையோட வாசப்படி தாண்டுறதா? எம்புள்ள கடலுக்கு அங்குட்டு இருக்கான்த்தா!”

“வெள்ளை வேணாம்னா கறுப்பும் கட்டலாம். அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு.”

“கறுப்பு வேறயா! அப்பனே முருகா!”

கீர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். சந்தன நிறத்தில், பூப்போடாத சேலை கட்டினாலும் சட்டப்படி தப்பில்லையாம். ஆனால் அவளுடைய சீனியர் சேதுபதி அந்தக் காலத்து மனிதர். ஜூனியர்கள் வெள்ளையில் வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அகிலாண்டேஸ்வரி ஊர்வாய்க்குப் பயந்து இப்படிப் பதறவில்லை. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. அது அவளே உடுத்தியிருந்தது. காளிராஜ் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவன் அப்பா மோட்டார் அறையில் கரண்டு அடித்துப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு மாற்றியது, இன்றுவரை அதுதான். அவர்கள் ஊர் இருக்கிற ஒக்கூர்ப் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒரு வருசம் போனதும் அவரவர் கலருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவள் புருசன் வகையறாவில் மட்டும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மகன் ஒவ்வொரு லீவுக்கும் பச்சையும் நீலமுமாக வாங்கிவந்த சேலைகள் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தன.

நாற்று நட ஆள் கூப்பிடுவதிலிருந்து நெல்லை விலை பேசுவதுவரை அவள்தான். வயலில் அவள் குரலுக்கு டிராக்டர்காரன் வண்டியை நிறுத்துவான். ஆனால் வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறார்கள் என்றால், அந்தப் பெரிய மனுசி குடுகுடுவென்று அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். எதிரே வந்துவிடக் கூடாதே! காளிராஜ் பரீட்சைக்குப் போனபோதும், முதன்முதலாக விமானம் ஏறப் போனபோதும் அவள் அடுப்படியில்தான் இருந்தாள். அவன் கல்யாணத்திலும் தூணுக்குப் பின்னால் நின்றுதான் தாலி கட்டுவதைப் பார்த்தாள். ஆரத்தி எடுத்தது கொழுந்தன் செம்மலையின் பெண்டாட்டி. இதையெல்லாம் யாரும் அவளைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கவில்லை. மற்றவர்கள் சொல்லும் முன்னால் தானே ஒதுங்கிவிட்டால் மரியாதை மிஞ்சும் என்று அவள் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான். தனக்கு இத்தனை செய்த நிறம், வந்து ரெண்டு மாசம் ஆகாத மருமகள் மேல் ஏறி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “வாசப்படி தாண்டும்போது கலர்ல தாண்டு. அங்குட்டுப் போயி என்னத்தையோ கட்டிக்க. வரும்போதும் கலர்ல வா.”

கீர்த்தி தகராறு பண்ணவில்லை. மறுநாளிலிருந்து மாம்பழ மஞ்சளிலும் கிளிப்பச்சையிலும் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். பையில் வெள்ளை இருந்தது. காரைக்குடியில் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே அவள் தோழி பெனாசிரின் வீடு. அவளும் வக்கீல். அங்கே போய் மாற்றிக்கொண்டு, சாயங்காலம் அங்கேயே திரும்ப மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். சேலை கட்டி அவிழ்ப்பதிலேயே பாதி நாள் போகிறது என்று புருசனிடம் போனில் புலம்பினாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் குணத்துக்காகவே அகிலாண்டேஸ்வரிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

இதற்கிடையே ஒரு நாள், எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கம்பி சுற்றக் கொடுப்பதற்காக அகிலாண்டேஸ்வரி காரைக்குடிக்குப் போனாள். கடைக்காரன் உட்காரச் சொன்னான். உட்கார்ந்து என்ன செய்வது, மருமகள் வேலை பார்க்கிற இடத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வருவோம் என்று நடந்தாள். கோர்ட்டு வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் ஓரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

இரண்டு பெண்கள் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். ஒருத்தி வேப்பமர நிழலில் நின்று தன் கறுப்புப் பர்தாவைக் கழற்றி நான்காக மடித்துப் பைக்குள் வைத்து, கோட்டை மாட்டிக்கொண்டாள். அவள்தான் பெனாசிர். இன்னொருத்தி அவள் கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டி, கோணலைச் சரிசெய்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி சரிசெய்தாள். அதற்கப்புறம் பெனாசிர் இவளுக்குக் கட்டினாள். அகிலாண்டேஸ்வரிக்கு இது தன் மருமகள்தான் என்று உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை. ஒன்றின்மேல் ஒன்றாக விறைப்பாக நின்ற கொசுவம். தோளில் மடிப்பு பிசகாமல் குத்திய ஊக்கு. அதன்மேல் கறுப்புக் கோட்டு. வீட்டில் நைட்டியோடு முருங்கைக்காய் உறிஞ்சிச் சாப்பிடுகிற பிள்ளையா இது!

கீர்த்தி உள்ளே நடந்தாள். வாசலில் கும்பலாக நின்ற ஆம்பளைகள் பீடியை மறைத்தார்கள். ஒருவர் தோள் துண்டை இறக்கினார். ஒரு இன்ஸ்பெக்டர் ஓரமாக ஒதுங்கி நின்று, “வணக்கம் மேடம்” என்றார். அவள் லேசாகத் தலையசைத்துவிட்டுப் படி ஏறிப் போனாள்.

அகிலாண்டேஸ்வரி அங்கேயே நின்றாள். அவளைக் கண்டாலும் ஜனங்கள் ஒதுங்கத்தான் செய்வார்கள். காலையில் வேலையாகக் கிளம்புகிறவன் அவள் எதிரே வந்தால், திரும்பிப்போய்ச் செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். இங்கேயும் அதே வெள்ளைதான், ஒதுங்கினார்கள். ஆனால் இது வேறு ஒதுங்கல். அவளுக்குப் பொறாமை வரவில்லை. அப்படி ஒரு சந்தோசம். டீக்கடைக்காரனைக் கூப்பிட்டு, “அந்தா போகுதே வக்கீலு, அது யாரு தெரியுமா?” என்று கேட்டு, அவன் பதில் சொல்வதற்குள் தானே, “எம் மருமக” என்று சொல்லிவிட்டாள். இதை வீட்டுக்கு வந்து கீர்த்தியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே வெள்ளையோடு வாசலில் நிற்பாளே என்ற பயம்.

பயந்தது வேறு வழியில் வந்தது. ஒரு நாள் பெனாசிர் வீட்டில் எல்லோரும் இளையான்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். சாயங்காலம் கீர்த்தி போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. கலர்ச் சேலை உள்ளே. வேறு வழியில்லாமல் வெள்ளையோடு பஸ் ஏறினாள். மறுநாள் அவளுக்கு முதல் வழக்கு. அதுவரை சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவளை, “இதை நீயே பாரும்மா” என்று சேதுபதி சொல்லியிருந்தார். வலையபட்டியில் ஆயி என்று ஒரு கிழவி. அவள் வயலுக்குப் போகிற பாதையை அடுத்த வயல்காரன் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டான். நடவு முடிந்தும் தண்ணீர் பாய்ச்ச உள்ளே போக முடியவில்லை. வழியைத் திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்க வேண்டும். அந்த யோசனையில் கீர்த்தி ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. பொட்டு வேர்வையில் கரைந்திருந்தது. கோட்டும் கழுத்துப் பட்டையும் பைக்குள், தாலிச்சங்கிலி பட்டன் போட்ட ரவிக்கைக்குள் இருந்தன.

பின் சீட்டில் மாமியாரின் கொழுந்தன் செம்மலை உட்கார்ந்திருந்தார்.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் போய், என்னத்தா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் நம்மாட்களுக்கு இந்த விசயத்தில் இருக்கிற இங்கிதம் உலகத்தில் யாருக்கும் கிடையாது. தாலியறுத்த பிள்ளையிடம் போய் எப்படிக் கேட்பது? மதினிக்குப் போன் போட்டு, உங்க மகன் செத்துட்டானா என்றா கேட்பது? தன் ஊர் வந்ததும் இறங்கி, அவளைத் தவிர சொந்தத்தில் எல்லோருக்கும் போன் போட்டார். அவர்களும் அதே இங்கிதம் உள்ளவர்கள். அவளைத் தவிர மற்றவர்களுக்கு அவர்கள் போட்டார்கள்.

கீர்த்தியோ மாமியார் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாக வந்து, குளித்து, சேலையை அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

விடிந்தும் விடியாமல் வாசலில் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. பத்துப் பதினைந்து பெண்கள் இறங்கி, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, ஓவென்று கத்தியபடி உள்ளே வந்தார்கள். சாணி தெளித்துக்கொண்டிருந்த அகிலாண்டேஸ்வரியைச் செம்மலை பெண்டாட்டி கட்டிப்பிடித்து, “ஒத்தப் புள்ளய வாரிக் குடுத்துட்டியேக்கா!” என்று அழுதாள். ஒருத்தி கொல்லைப்புறம் எட்டிப் பார்த்து, கொடியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு வெள்ளைச் சேலைகளைக் கண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செம்மலை துண்டைக் கையில் பிடித்தபடி வந்து, “பாடி எப்ப வருதாம் மதினி?” என்றார்.

அகிலாண்டேஸ்வரி சாணி தெளித்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் புரியவில்லை, காளிராஜ் என்ற பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அவள் மகன் செத்துப்போனான். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

வாயில் பிரஷ்ஷோடு கீர்த்தி ஓடிவந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்த மாமியாரைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அழுகை இரண்டு மடங்கானது. நான்கு பேர் அவளையும் கட்டிப்பிடித்தார்கள்.

“யாருக்கு என்னாச்சு? விடுங்க! யாரு செத்தது?”

அவளே போனை எடுத்து வீடியோவில் புருசனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பவும் எடுக்கவில்லை. “எப்புடி எடுப்பான், எப்புடி எடுப்பான்” என்று பக்கத்தில் ஒருத்தி விம்மினாள். மூன்றாவது தடவை, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு காளிராஜ் திரையில் வந்தான். “டூட்டியில இருக்கேன்ல, என்ன அவசரம்?” என்றவன், பின்னால் தெரிந்த கூட்டத்தைப் பார்த்தான். “அம்மா, ஏன் எல்லாரும் நம்ம வீட்டுல நிக்கிறாக? யாரும்மா போயிட்டது?”

அகிலாண்டேஸ்வரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நீதான்டா” என்றாள். சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

அழுதவர்கள் ஒவ்வொருவராக முடியை அள்ளி முடிந்துகொண்டார்கள். துக்கம் போனால் நிம்மதிதானே வர வேண்டும்? கோபம் வந்தது. டாட்டா ஏஸ் பிடித்து வந்து அழுதாயிற்று. இனி யார் மேலாவது பழியைப் போட வேண்டும்.

“நான் எங்கண்ணால பாத்தேன். மொட்ட வெள்ளையில உக்காந்திருந்துச்சு” என்றார் செம்மலை.

“பக்கத்துச் சீட்டு காலியாத்தானே இருந்துச்சு மாமா? வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றாள் கீர்த்தி.

“அத எப்படித்தா கேக்குறது?” என்றார் அவர், நிஜமான சங்கடத்தோடு. அப்புறம் குரலை உயர்த்தினார். “மதினி, இது நல்லதுக்கில்ல. உசுரோட இருக்கவனுக்கு ஒப்பாரி வச்சாச்சு. டீச்சர் வேலை கீச்சர் வேலைன்னு பாக்கட்டும், கலர் கலராக் கட்டிட்டுப் போகட்டும். இன்னைக்கு இந்தப் புள்ள வாசப்படி தாண்டக் கூடாது. நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் அகிலாண்டேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் இன்னும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு ஒரு நாள் போகாம இரேன்த்தா” என்றாள் மெதுவாக.

கீர்த்தி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “ஆயி இந்நேரம் கெளம்பியிருக்கும் அத்தை. பயிரு காயுதேன்னு நேத்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. இன்னைக்கு நான் நிக்கலைன்னா, அந்தப் புள்ள பயந்துருச்சுன்னு எங்க சீனியர் சாரு இன்னொருத்தர்கிட்ட குடுத்துருவாரு. அதுக்கப்பறம் எனக்குக் கட்டுத் தூக்குற வேலைதான்.” மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க போகாதன்னா போகல. ஆனா இவுக சொல்லிச் சொல்லாதீக. ஒங்களுக்கா மனசுல பட்டாச் சொல்லுங்க.”

அகிலாண்டேஸ்வரி எழுந்தாள். கொல்லைப்புறம் போனாள். கொடியில் இரண்டு சேலைகளும் அப்படியே தொங்கின. துணி ஒன்றுதான், நூல் ஒன்றுதான். ஒன்று உடுத்தினவளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தது, இன்னொன்று உடுத்தினவளுக்கு இன்ஸ்பெக்டர் வழி விட்டார். தான் பட்டதற்குப் பயந்து, அந்தப் பிள்ளையையும் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மருமகளின் சேலையை எடுத்து, கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தாள். கொண்டுவந்து கீர்த்தி மடியில் போட்டாள்.

“காஞ்சிருச்சு. தேச்சுக் கட்டு” என்றாள்.

“மதினி!” என்றார் செம்மலை.

“ஒங்க அண்ணன் செத்தப்ப நான் பச்சச் சேலதான் கட்டியிருந்தேன், கொழுந்தனாரே. பச்ச அவரக் காப்பாத்துச்சா? சும்மா இருங்க. வந்ததுக்குக் காபி குடிச்சிட்டுப் போங்க.”

அந்த வீட்டில் முதல்முறையாக மருமகள் வெள்ளை கட்டுவதை மாமியார் உட்கார்ந்து பார்த்தாள். வந்த பெண்களும் பார்த்தார்கள். கீர்த்தி அவசரப்படவில்லை. கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள், அகிலாண்டேஸ்வரி குனிந்து அடியில் பிடித்துக்கொண்டாள். குங்குமத்தை எடுத்துப் பெரிதாக வைத்துவிட்டவள், “தாலிய எடுத்து வெளிய போடு. பஸ்ஸுல இனி எந்தக் கொழுந்தன் இருக்கானோ” என்றாள். கழுத்துப் பட்டையைக் கட்டி, கோணலாக இருக்கிறதா என்று, அன்றைக்கு ரோட்டோரத்தில் பார்த்தது போலவே தள்ளி நின்று பார்த்தாள். கோணலில்லை. அழகாக இருந்தாள். அந்தச் சேலைக்கு இப்படி ஒரு கம்பீரம் இருக்கிறது என்று இத்தனை வருசமாகத் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

கீர்த்தி கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். பழக்க தோசம், அகிலாண்டேஸ்வரி குடுகுடுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். செம்மலை பெண்டாட்டி, தன்னால் முடிந்த பிராயச்சித்தமாக ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்பினாள். “நான் எதுக்க வாரேன், போயிட்டு வாத்தா.”

“நீங்க இருங்க சின்னத்தை. அத்தை வரட்டும்.”

அடுப்படியிலிருந்து, “ஏய், கூறு கெட்டவளே, மொத கேசுக்குப் போற, நான் எதுக்க வரலாமா? பஸ்ஸு வந்துரும், போ” என்று குரல் கேட்டது.

“பஸ்ஸு போனாப் போகட்டும். அத்தை எதுக்க வராம நான் எறங்க மாட்டேன்.”

வாசல் நிலையில் கீர்த்தி நின்றாள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஆயி கிழவி கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று அகிலாண்டேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தாள். தன் வீட்டுக்கு எதிரே வந்ததும் நிமிர்ந்தாள். வாசலில் வெள்ளையில் மருமகள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“வாரேன் அத்தை” என்று படி இறங்கி, அவளைத் தொட்டுக்கொண்டு ஓடினாள். பஸ்காரன் நிறுத்தி ஏற்றிக்கொண்டான்.

அன்றைக்கு அகிலாண்டேஸ்வரி வயலுக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. தோற்றுப்போனால் தன்னால்தான் என்று ஊரே சொல்லும். ஊர் கிடக்கட்டும், அவளே அப்படித்தான் நினைப்பாள். செம்மலையும் காபி குடித்து, சாப்பிட்டு, முடிவு தெரியாமல் போக மனசில்லாமல் அங்கேயே கட்டிலில் கிடந்தார். சாயங்காலம் கீர்த்தி வந்தாள். கொல்லைப்புறமாக இல்லை, தெருவழியாக, அதே வெள்ளையில், முன்வாசலில் ஏறினாள்.

“என்னத்தா ஆச்சு?”

“நல்லாத்தான் பேசினேன் அத்தை. சாரே முதுகுல தட்டுனாரு. எதிர்ப் பக்கத்து வக்கீல் பதில் சொல்ல நேரம் வேணும்னு கேட்டாரு. வாய்தா போட்டுட்டாக.”

“பாத்தீகளா மதினி” என்று செம்மலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அகிலாண்டேஸ்வரியின் முகம் சுருங்கிப்போனது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“ஏன் மாமா, கோர்ட்டுல வாய்தா போடாத நாள்னு ஒண்ணு நீங்க பாத்திருக்கீகளா? அதுவரைக்கும் முள்கம்பிய எடுத்து வழி விடச் சொல்லி ஜட்ஜ் சொல்லிட்டாரு. ஆயி இந்நேரம் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருக்கும்.” கீர்த்தி கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். மாமியார் பக்கம் திரும்பினாள். “அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை. அன்னைக்கும் நீங்கதான் எதுக்க வரணும். இன்னைக்கு மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தீகன்னா எறங்க மாட்டேன், ஆமா.”

அகிலாண்டேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“அன்னைக்கும் அதே பஸ்ஸுதானேத்தா?” என்று கேட்டாள்.